அச்ச வேளையில் முதற் சொல்

"பயம் வந்தால் முதலில் செபியுங்கள்" என்று பிரசங்கத்தில் சொல்லிவிடுவது நமக்கு எளிது. கேட்டிருக்கும் மக்கள் எவற்றைக் கண்டவர்கள் என்று எண்ணும்போதோ நாத் தடுமாறுகிறது. 1995 யூலை 9ஆந் திகதி, ஓடிவந்த குடும்பங்கள் நவாலி புனித பேதுருவானவர் ஆலயத்திலும் அயலிலுள்ள முருகன் கோவிலிலும் தங்கியிருந்த வேளை விமானங்கள் குண்டு வீசின. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 1999 நவம்பர் 20இல் மடுத் திருப்பதியில் தஞ்சமிருந்தோர் மீது எறிகணைகள் வீழ்ந்தன. ஏறத்தாழ நாற்பது உயிர்கள் போயின. இவர்கள் செபிக்காதவர்களா?

"விசுவாசம் போதாது, அதுதான்" என்று சொல்வோரை இன்றும் சந்திக்கிறோம். குருக்களிலும் உண்டு. பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் போய் இதைச் சொல்லிப் பார்க்கட்டும். செபம் குண்டைத் தடுக்கும் என்று நாம் ஒருபோதும் போதிக்கக் கூடாது.

பின் ஏன் முதலில் செபம்? பயம் மனிதனைத் தனியனாக்கி விடுகிறது. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாம மக்கள் மழையில் தென்மராட்சி நோக்கி நடந்தார்கள். நாவற்குழிப் பாலத்து நெரிசலில் சிக்கியவர்களுக்குத் தெரியும், அவரவர் காலைத் தவிர வேறொன்றும் கண்ணில் படாத நேரம் அது. பரலோக மந்திரத்திலே 'என்' என்ற சொல் கிடையாது; எல்லாம் 'எங்கள்'. அதைச் சொல்லத் தொடங்குகிறவன் பக்கத்தில் நிற்பவனை நினைத்தே ஆகவேண்டும்.

ஆனால் 'முதலில்' என்றால் இரண்டாவது ஒன்றும் இருக்கிறது. செங்கடல் முன்னே, பார்வோனின் படை பின்னே. அப்போது ஆண்டவர் மோசேயிடம், முறையிட்டு நிற்பதேன், மக்களை நடக்கச் சொல் என்றுதான் கட்டளையிட்டார். செபித்தபின் பதுங்கு குழிக்குள் இறங்காதவனை நாம் பக்திமான் என்று சொல்லமாட்டோம்.

இன்று ஷெல் இல்லை. கடன்காரர் படலையைத் தட்டும் சத்தம் இருக்கிறது. வயல் அழிந்த வருடத்தில் அது ஷெல்லுக்குக் குறைந்ததல்ல. அந்த வேளையில் கொல்லைப் பக்கத்தால் ஒளிகிறவர்களும், அதைவிட மோசமாக, மருந்துப் போத்தலைப் பார்க்கிறவர்களும் உண்டு. வீட்டாரைக் கூட்டி ஒரு மந்திரம் சொல்லுங்கள். பிறகு துண்டுகளை எடுத்துக்கொண்டு சங்கத்துக்கு வாருங்கள். வட்டிக் கணக்கைச் சேர்ந்திருந்து பார்ப்போம்.

வன்னியில் ஒருமுறை பதுங்கு குழியொன்றில் ஓர் ஆச்சியோடு இருந்தோம். நாம் வாய் திறக்குமுன் அவவே செபமாலையைத் தொடங்கிவிட்டா. குரலில் நடுக்கம் இருந்தது, நமக்கும்தான். ஐம்பது மணியும் முடிந்து சிலுவை அடையாளம் போட்ட கையோடு மகனைத் திரும்பிப் பார்த்துக் கேட்டா: "தம்பி, மாட்டை அவிட்டு விட்டனியோ?"