மெல்லிசைக்கு மேடை, வல்லிசைக்கு வாசற்படியா?

"இயந்திரம் இசைக்கிறது, இளைஞன் கத்துகிறான், இதற்குப் பெயர் பாட்டாம்!" என்று இலக்கியக் கூட்டங்களில் நம்மவர் சொல்லிச் சிரிப்பதுண்டு. சிரிப்பைத் தொடர்ந்து கைதட்டலும் கிடைக்கும். அத்துடன் பொருள் முடிந்துவிடும். மின்னிசையை அடித்தளமாகக் கொண்டு இம்மண்ணில் எழுந்த தமிழ்ச் சொல்லிசையைப் பற்றி நம் எழுத்துலகம் சொல்லியிருப்பது ஏறத்தாழ இவ்வளவே. ஒரு கலையை வெறுக்க எவர்க்கும் உரிமை உண்டு. கேளாமலே வெறுக்க எழுத்தாளனுக்கு உரிமை உண்டா என்பதே ஈண்டு என் கேள்வி.

செவிவழிச் செய்தியாக மட்டும் அறிந்தவர்க்காக வரலாற்றைச் சுருக்கிச் சொல்கிறேன். 1990களில் கோலாலம்பூரில் 'போயட்டிக் அம்மோ' என்னும் குழு எழுந்தது. தமிழரும் சீனரும் கலந்த இளைஞர் குழு அது. 1998இல் அதன் முதல் இசைத்தொகுப்பு வெளிவந்தது. அதில் ஆங்கிலமே தலைமை தாங்கிற்று. தமிழும் பிற மொழிகளும் உடன் ஒலித்தன. அக்குழுவின் முன்னணிக் குரலான யோகி பி, பின்னர் டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் ஆகிய இருவருடன் 'நட்சத்திரா' என்னும் பெயரில் இணைந்தார். 2006இல் இவர்கள் வெளியிட்ட 'வல்லவன்' முழுமையான தமிழ்ச் சொல்லிசைத் தொகுப்பு. 1980இல் வந்த 'நிழல்கள்' படத்திற்கு இளையராஜா இசையமைத்த 'மடை திறந்து' பாடலை எடுத்து, அதன்மேல் தம் சொற்களை அடுக்கி இவர்கள் உருவாக்கிய பாட்டு, கடல் கடந்து தமிழகத்தையும் எட்டியது. 2007இல் 'பொல்லாதவன்', 2017இல் 'விவேகம்' எனச் சென்னைத் திரையிசையிலும் யோகி பியின் குரல் ஒலித்தது. 1998 முதல் 2017 வரை கணக்கிட்டாலே இருபது ஆண்டு உழைப்பு. இருபது ஆண்டு எழுதிய கவிஞர் ஒருவர்க்கு நாம் பொன்னாடை போர்த்தியிருப்போம். இவர்களுக்கு ஒரு திறனாய்வுக் கட்டுரையேனும் எழுதினோமா?

எழுதாமைக்கு நம்மவர் காட்டும் காரணங்கள் மூன்று. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, "இது இயந்திரத்தின் இசை" என்பது. பிடில் எந்த நாட்டுக் கருவி? முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் அதனைக் கற்றுக் கருநாடக இசைக்குக் கொணர்ந்தார். இன்று பிடில் இல்லாத கச்சேரியைக் காண்பதரிது. ஆர்மோனியத்தை அகில இந்திய வானொலி 1940இல் தன் நிலையத்திலிருந்தே விலக்கி வைத்தது. முப்பது ஆண்டுகள் கடந்து, 1971இல்தான் அத்தடை தளர்ந்தது. அன்று தீட்டெனப்பட்ட அந்தப் பெட்டி இன்று நம் கோயில் பசனைகளில் தெய்வ சந்நிதிக்கு முன்னே வீற்றிருக்கிறது. கருவிக்குக் குலம் பார்த்தவர்கள் தோற்றுப்போனதே இசை வரலாறு.

மின்கருவிக்கும் ஒரு பரம்பரை உண்டு. 1970இல் செருமனியின் டூசல்டார்ஃப் நகரில் 'கிராஃப்ட்வெர்க்' என்னும் குழு தோன்றியது. இயந்திரத்தை மறைத்து வைக்காமல், அதையே பாடுபொருளாகவும் ஆக்கிய குழு அது. தம் உருவில் செய்த இயந்திரப் பொம்மைகளைக்கூட அவர்கள் மேடையில் நிறுத்தினர். பலரும் நகைத்தனர். ஆனால் அவர்களுடைய 1977ஆம் ஆண்டு இராகம் ஒன்றை எடுத்து, நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதிக் கறுப்பின இளைஞரான ஆஃபிரிக்கா பம்பாட்டா 1982இல் தம் மக்களுக்கான பாட்டாக்கினார். 2012இல் நியூயார்க்கின் நவீனக் கலைக் காட்சியகம் கிராஃப்ட்வெர்க் குழுவை அழைத்து, எட்டு இரவுகளில் எட்டுத் தொகுப்புகளை நிகழ்த்தச் செய்தது. நகைப்புக்கிடமான குழு நாற்பதாண்டில் அருங்காட்சியகத்திற்குள் போயிற்று. செருமானியரின் இராகத்தைக் கறுப்பினத்தார் தமதாக்கியதுபோல, கறுப்பினத்தாரின் கலையை நம் பிள்ளைகள் இளையராஜாவின் மெட்டோடு இணைத்துத் தமதாக்கினர். இதைப் போலி செய்தல் என்பவர், பிடில் வாசித்த தீட்சிதரையும் அவ்வாறே சொல்லத் துணிவாரா?

இன்னொன்றும் கேட்கிறேன். 1992இல் 'ரோஜா' வந்தது முதல் ஏ. ஆர். இரகுமானின் இசைக்கூடத்தில் கணினியும் விசைப்பலகையும் வகிக்கும் இடத்தை அறியாதார் யார்? 2023 சனவரியில் புக்கிட் ஜாலில் தேசிய அரங்கில் அவர் நிகழ்ச்சி நடத்தியபோது, கிள்ளான் பள்ளத்தாக்கே திரண்டு சென்றது. அங்கே கணினி இசைத்தால் அது மேதைமை. கிள்ளானில் வாடகை வீட்டில் வாழும் பிள்ளை அதே வகைக் கருவியைத் தொட்டால் அது இரைச்சலா? நம் வெறுப்பு இயந்திரத்தின்மேல் அன்று. அதை இயக்கும் கையின் முகவரிமேல்.

இரண்டாவது குற்றச்சாட்டு, "இவர்களுக்கு நிலைத்த பாணி இல்லை, நாளுக்கொரு நடை" என்பது. பாணி மாறியது உண்மை. எத்திசையில் மாறியது என்பதைக் குறை கூறுவோர் கவனிக்கவில்லை. 1998இல் ஆங்கிலத்தில் பேசிய குரல் 2006இல் தமிழுக்கு வந்தது. நம் நாட்டில் படித்த குடும்பங்கள் பல எதிர்த்திசையில் நடந்த காலம் அது. பட்டிமன்றத்தில் தமிழ் வாழ்க என முழங்கிவிட்டு வீட்டில் பேரப்பிள்ளைகளோடு ஆங்கிலத்தில் பேசுவோர் நம்மிடையே இல்லையா? சந்தையும் புகழும் ஆங்கிலத்தில் காத்திருக்க, ஒரு கலைஞன் தமிழுக்குத் திரும்பியதைத் 'தடுமாற்றம்' என்று சொல்ல நா எழுமோ?

"ஆங்கிலமும் மலாயும் கலந்து கெடுக்கிறார்களே" என்பர் சிலர். கலக்கிறார்கள், மறுக்கவில்லை. அந்தப் பிள்ளைகள் எங்கே வளர்ந்தனர் என்பதையும் எண்ண வேண்டும். தோட்டங்கள் துண்டாடப்பட்டன. பிராங் பெசார் முதலிய தோட்டங்கள் இருந்த நிலத்தில் புத்ராஜெயா எழுந்தது. ஆலயமும் தமிழ்ப்பள்ளியும் லயமுமாக இருந்த வாழ்க்கை, அடுக்குமாடியின் மின்தூக்கிக்குள் அடங்கிவிட்டது. அங்கே ஒரே மாடிப்படியில் மும்மொழி புழங்கும். அந்த மொழியில்தான் அப்பிள்ளைகள் அழுகின்றனர், அதிலேதான் சினக்கின்றனர். வடமொழியும் தமிழும் கலந்த மணிப்பிரவாள நடையில் உரைசெய்த வைணவ ஆசாரியர்களை நம் இலக்கிய வரலாறு போற்றி வைத்திருக்கிறது. கலப்பை நான் ஆதரிக்கவில்லை. கலப்பைக் காரணம் காட்டிக் காதை மூடிக்கொள்வதையே கண்டிக்கிறேன்.

மூன்றாவது குற்றச்சாட்டே நமக்கு நெருக்கமானது: "இது செய்யுளாகாது." இவ்வாறு சொல்வோர் தொல்காப்பியச் செய்யுளியலை மீண்டும் ஒருமுறை திறந்து பார்க்கட்டும். அங்கே இருபது வண்ணங்கள் எண்ணப்படுகின்றன. மெல்லெழுத்து மிகுந்தது மெல்லிசை வண்ணம். அதன் உடன்பிறப்பாக, வல்லெழுத்து மிகுந்த வல்லிசை வண்ணமும் அங்கே நிற்கிறது. உருண்டு செல்லும் ஓசைக்கு உருட்டு வண்ணம் என்றும், அடியின் எல்லையைத் தாண்டி நில்லாமல் ஓடும் ஓசைக்கு முடுகு வண்ணம் என்றும் பெயர். திரைப்பாடல் பாடும் குழுக்களுக்கு மெல்லிசைக் குழு எனப் பெயர் சூட்டி மேடை தந்த நாம், அச்சொல்லின் உடன்பிறப்பை வாசற்படியிலேயே நிறுத்திவிட்டோம். எதுகையும் மோனையும் இயைபும் கொண்டு, தாளத்தை முந்தியும் பிந்தியும் மூச்சு விடாமல் சொல்லடுக்கும் கலை தமிழுக்குப் புதிதன்று. அருணகிரியாரின் சந்தத்தில் திளைத்த செவிக்கு இது எங்ஙனம் அந்நியமாகும்?

தீர்ப்பளிக்க விரைவோர்க்கு நம் சொந்த வரலாறு ஒன்றையும் நினைவூட்டுகிறேன். 1964இல் மலேசிய மண்ணில் புதுக்கவிதை முளைவிட்டபோது, யாப்பறியாதார் கிறுக்கல் என்று மரபுக் கவிஞர் பலர் அதை ஒதுக்கினர். பின்னர் என்ன நேர்ந்தது? புதுக்கவிதைக்குப் போட்டியும் கருத்தரங்கும் தொகுப்பும் வந்தன. அன்று ஒதுக்கப்பட்டவர்களின் வழிவந்தோர் இன்று ஒதுக்குபவர்களாக இருப்பது வேடிக்கையிலும் வேடிக்கை.

இவ்வளவு சொல்வதால் சொல்லிசையார் குற்றமற்றவர் என நான் வாதிடுவதாகக் கொள்ளற்க. குறைகள் உள. அவற்றை மேடையில்தான் தெளிவாகக் காணலாம். மின்னிசையில் தாளமும் பின்னணியும் முன்பே அமைக்கப்பட்டவை. மேடையில் அவை ஓடவிடப்படுகின்றன. இதில் ஏமாற்று ஏதுமில்லை. கேட்போர் அறிந்தே வருகின்றனர். ஆனால் சில மேடைகளில் பாடுபவரின் குரலும் பதிவிலிருந்தே வருகிறது. ஒலிவாங்கி வாயருகே இருக்கும். ஒலி பெட்டியிலிருந்து வரும். இது வஞ்சனை. இதற்கு எளிய சோதனை ஒன்றுண்டு. மின்சாரம் நின்றுபோனால் மேடையில் எது எஞ்சும்? இருளில் நின்றபடி, கைத்தட்டலையே தாளமாகக் கொண்டு, தன் சொல்லைத் தொடர்ந்து சொல்ல வல்லவனே சொல்லிசைஞன். மற்றவன் பெட்டியைத் திறந்து மூடுபவன்.

பொருளிலும் குறை உண்டு. தற்பெருமை மிகுகிறது. பெண்ணை இழிவுபடுத்தும் சொல் சில பாடல்களில் தடையின்றி நுழைகிறது. குண்டர் வாழ்க்கையை வீரமென மயங்கும் மயக்கமும் உண்டு. பிறர் மெட்டைக் கையாளும்போது இசைவும் நன்றியும் தேவை என்னும் ஒழுங்கும் எல்லாரிடமும் இல்லை. தம் பாடல்களை இசைவின்றி மேடையில் பாடலாகாது என்று 2017இல் இளையராஜா, தம் நெடுநாள் நண்பர் எஸ். பி. பாலசுப்பிரமணியத்திற்கே வழக்கறிஞர் வழி அறிவிப்பு விடுத்தார். அவ்வளவு கூர்மையான வினா அது. இக்குறைகளை யார் எடுத்துச் சொல்வது? 'கத்தல்' என்று சொல்லிவிட்டு எழுந்து போனவர் சொல்ல இயலாது. சொல்லைச் சொல்லாகக் கேட்டவரே, இந்தச் சொல் தகும், இந்தச் சொல் தகாது என்று கூற முடியும். நாம் விலகி நின்றதால் அப்பிள்ளைகளுக்குத் திறனாய்வாளர் கிடைக்கவில்லை. விசிலடிப்போர் மட்டுமே கிடைத்தனர்.

அந்த வெற்றிடத்தில் வணிகம் புகுந்தது. கோலாலம்பூரில் பெருநிகழ்ச்சி என்றாலே சென்னையிலிருந்து வரும் நட்சத்திரம் என்றாயிற்று. அந்த நட்சத்திரம் மேடையேறும்வரை கூட்டத்தை அமர்த்திவைக்க உள்ளூர்க் குழு அழைக்கப்படுகிறது. ஒலியமைப்பைச் சரிபார்க்கும் நேரமே அவர்களுக்குரிய நேரம். ஊதியம் கேட்டால், "இவ்வளவு பெரிய மேடை கிடைத்ததே!" என்பர். பலாச்சுளையை விருந்தாளிக்குக் கொடுத்துவிட்டுப் பெற்ற பிள்ளைக்குச் சடையைக் கொடுப்பது எந்த ஊர் நியாயம்? விருந்தினரை வெறுக்கச் சொல்லவில்லை. பந்தியில் பிள்ளைக்கும் இலை போடச் சொல்கிறேன்.

பிரிக்பீல்ட்ஸைப் பாருங்கள். அங்கே 1981இல் தோன்றிய நுண்கலைக் கோயில் இருக்கிறது. பரதமும் இசையும் முறையாகக் கற்பிக்கப்படும் இடம் அது. அரங்கேற்றம் நடந்தால் படத்துடன் செய்தி வருகிறது, மகிழ்ச்சி. கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் தீபாவளிக் காலத்தில் ஒலிபெருக்கிகள் முழங்குகின்றன, அதுவும் மகிழ்ச்சியே. ஆனால் இவ்விரு ஊர்களின் அடுக்குமாடிப் படிக்கட்டுகளில் அமர்ந்து, எதுகை தேடித் தமிழகராதியைப் புரட்டும் பிள்ளை ஒருவன் இருப்பானாயின், அவனை நாம் எந்தக் கணக்கில் வைத்திருக்கிறோம்? அவனுடைய ஆசிரியர் யார்? அவனுக்குத் தமிழைத் தருவது நாமா, திரைப்படமா?

ஆதலால் இச்சங்கத்தார் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். சிறுகதைக்கும் கவிதைக்கும் போட்டி வைப்பதுபோலச் சொல்லிசை வரிகளுக்கும் ஒரு பிரிவு வையுங்கள். வரிகளை இசையின்றி அச்சிட்டு, செய்யுளாகவே மதிப்பிடுங்கள். நூல் வெளியீட்டை எழுதும் அதே அக்கறையோடு, ஒரு மேடை நிகழ்ச்சியை நேரில் கண்டு திறனாய்வு எழுதுங்கள். இசைத்தட்டு எஞ்சும், அந்த மாலை எஞ்சாது. மூத்த கலைஞர்கள் நம்மிடையே இருக்கும்போதே அவர்தம் வரலாற்றைக் கேட்டுப் பதிவு செய்யுங்கள். இவற்றுக்கு அரசு மானியம் வேண்டியதில்லை. செவியும் பேனாவும் போதும்.

பிடித்தால் புகழுங்கள்; பிடிக்காவிட்டால் காரணத்துடன் கண்டியுங்கள். கண்டனமும் ஒருவகை மதிப்பே. மௌனம் ஒன்றே அவமதிப்பு. தொல்காப்பியன் தன் ஏட்டில் மெல்லிசைக்கு அருகில் வல்லிசைக்கும் இடம் வைத்தான். அவன் வைத்த இடத்தை நாம் எந்த அதிகாரத்தில் பறித்தோம்?