விமான டிக்கெட்: எப்போது வாங்குவது?

கோடை விடுமுறை என்றதும், "இந்தத் தடவை டெல்லிக்குப் போகலாம், விமானத்தில் போகலாம்" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள்.

ஆசை நியாயமானதே. சென்னையில் இருந்து டெல்லிக்கு ரெயிலில் போனால் ஏறக்குறைய ஒன்றரை நாள் ஆகும். விமானம் சுமார் மூன்று மணி நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.

ஆனால் டிக்கெட்டை எப்போது வாங்குவது? இன்று வாங்கி, நாளை விலை இறங்கிவிட்டால்? நாளை வாங்கலாம் என்று இருந்து, விலை ஏறிவிட்டால்? வீட்டுக்கு வீடு இதே பேச்சுதான்.

ரெயில் வேறு; விமானம் வேறு

நமக்கு ரெயில்தான் பழக்கம். ரெயிலில் 60 நாட்களுக்கு முன்பு முன்பதிவு தொடங்குகிறது. (1-11-2024-க்கு முன்பு 120 நாள் இருந்தது.) சாதாரண எக்ஸ்பிரஸ் ரெயிலில், முதல் நாள் வாங்கினாலும் ஒரு மாதம் கழித்து வாங்கினாலும் கட்டணம் ஒன்றே. தட்கல் போன்றவை தனி. ரெயிலில் கட்டணம் ஏறாது, இடம்தான் தீர்ந்துபோகும்.

விமானத்தில் இதற்கு நேர்மாறு. கடைசி நாளில்கூடப் பெரும்பாலும் இடம் இருக்கும். விலைதான் எட்டாத உயரத்துக்குப் போயிருக்கும்!

ஏன் அப்படி? ஒரு விமானத்தில் 180 இருக்கைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லா இருக்கைக்கும் ஒரே விலை கிடையாது. குறைந்த விலையில் கொஞ்சம் இடம். அதற்கு மேல் கொஞ்சம். அதற்கும் மேல் கொஞ்சம். இப்படிப் பல படிகளாகப் பிரித்து விற்கிறார்கள். கீழ்ப்படி விற்றுத் தீர்ந்ததும் அடுத்த படி. கூட்டம் வராவிட்டால், மூடிய கீழ்ப்படியை மறுபடி திறப்பதும் உண்டு. சில நாட்களில் விலை இறங்குவதன் ரகசியம் இதுதான்.

இது அமெரிக்காவில் வளர்ந்த முறை. 1978-ல் அங்கே விமானக் கட்டணத்தின் மீது அரசாங்கம் வைத்திருந்த பிடியைத் தளர்த்திச் சட்டம் வந்தது. 1985-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் கம்பெனி, வெகுநாள் முன்பே வாங்குகிறவர்களுக்கு மட்டும் விலையை மிகவும் குறைத்தது. சுற்றுலாப் போகிறவர் முன்பே திட்டம் போடுவார். வியாபாரியோ கடைசி நேரத்தில் அவசரமாக வருவார். கேட்ட விலையைக் கொடுப்பார். இதுதான் கணக்கு! நம் நாட்டில் 1994-ல் தனியார் விமானக் கம்பெனிகளுக்குச் சட்டப்படி வழி திறந்தது. பிறகு இந்தக் கணக்கு இங்கேயும் வந்தது.

விடுமுறைக்குப் போகிற குடும்பம் கடைசி நேரத்தில் வாங்கினால், வியாபாரி கொடுக்கிற விலையைத்தான் கொடுக்க வேண்டும்.

"செவ்வாய்க்கிழமை நள்ளிரவில் வாங்கினால் மலிவு" என்று ஒரு பேச்சு உலவுகிறது. நம்பாதீர்கள். வாங்குகிற கிழமையைவிட, பறக்கிற கிழமைதான் முக்கியம். வெள்ளியும் ஞாயிறும் கூட்டம். செவ்வாய், புதனில் பெரும்பாலும் விலை குறைவு.

பாட்டி ஏறாத விமானம்

அப்படியானால் ஜனவரியிலேயே வாங்கிவிடலாமே?

நமக்குத் தெரிந்த ஒரு குடும்பம் அப்படித்தான் வாங்கியது. கணவன், மனைவி, மகள், பாட்டி: நான்கு டிக்கெட். நல்ல மலிவு. ஆனால் மகளின் பரீட்சை தேதி அப்போது தெரியாது. பிறகு தேதி வந்தது. புறப்படும் நாளில் பரீட்சை!

டிக்கெட்டை ரத்து செய்தார்கள். அடிப்படைக் கட்டணம் முழுவதும் போயிற்று. விமான நிலையக் கட்டணம் போன்ற சில்லறைதான் திரும்பி வந்தது. (அந்தச் சில்லறையைக் கம்பெனி கொடுத்தே தீரவேண்டும் என்பது விதி. கேட்டு வாங்குங்கள்.) மறுபடி வாங்கப் பணம் இல்லை. அந்த ஆண்டு பாட்டி விமானம் ஏறவில்லை.

வேறு ஆபத்தும் உண்டு. ஜெட் ஏர்வேஸ் 17-4-2019-ல் பறப்பதை நிறுத்தியது. கோ பர்ஸ்ட் 3-5-2023-ல் நிறுத்தியது. இரண்டும் கோடை நாட்கள்! முன்கூட்டியே பணம் கட்டியவர்கள், அந்தப் பணத்துக்காக அலைந்தார்கள்.

தேதிதான் முதலில்

ஆகவே, மலிவான நாளைத் தேடாதீர்கள். பயணத் தேதி உறுதியாகும் நாள் எதுவோ, அதுதான் டிக்கெட் வாங்கும் நாள். பரீட்சை அட்டவணை வந்துவிட்டதா? அலுவலகத்தில் லீவு கிடைத்துவிட்டதா? அன்றே வாங்குங்கள். இன்னும் 200 ரூபாய் இறங்கும் என்று உட்கார்ந்திருக்க வேண்டாம்.

தேதியைச் சீக்கிரம் உறுதி செய்வது ஓரளவு நம் கையில் இருக்கிறது. லீவு கேட்கக் கூச்சப்பட்டு, ஏப்ரல் வரை இழுப்பவர்கள் பலர். அந்தக் கூச்சத்துக்கு நான்கு டிக்கெட்டின் விலை ஏற்றம் தண்டம்! பள்ளிக்கூடங்களும் ஆண்டுப் பரீட்சை தேதியை முன்பே சொல்லி, பிறகு மாற்றாமல் இருந்தால், எத்தனையோ குடும்பங்களின் பணம் மிஞ்சும். இதைப் பெற்றோர் கேட்கலாம், கேட்க வேண்டும்.

டெல்லிப் பக்கத்துப் பள்ளிகள் பெரும்பாலும் மே நடுவில்தான் மூடுகின்றன. நம் பள்ளி மூடியவுடன் புறப்பட்டால், அவர்கள் கூட்டத்துக்கு முன்னால் போய்த் திரும்பலாம்.

வாங்கும்போது, நான்கு பேருக்கு விலை பார்ப்பதற்கு முன், ஒருவருக்கு மட்டும் பாருங்கள். கீழ்ப்படியில் மூன்று இடம்தான் மீதி என்றால், நான்கு பேரையும் சேர்த்து மேல்படி விலைக்குத் தள்ளிவிடுவது உண்டு. அப்போது மூன்றையும் ஒன்றையும் தனித்தனியாக வாங்கினால் லாபம். பெயர், அடையாளச் சீட்டில் உள்ளபடியே இருக்கட்டும். நம் இனிஷியல் வழக்கம் அந்தப் படிவங்களுக்குப் புரிவதில்லை!

மேலே சொன்ன குடும்பம் அடுத்த ஆண்டும் டெல்லிக்குத் திட்டம் போட்டது. பரீட்சை தேதி தெரிந்து, லீவுக் கடிதம் கையெழுத்தான அன்று மாலையே டிக்கெட் வாங்கினார்கள். பிறகு விலை ஏறியதா, இறங்கியதா என்று யாரும் பார்க்கவில்லை. ஜன்னல் ஓர இடம் பாட்டிக்கா, பேத்திக்கா என்பதுதான் வீட்டில் சண்டை!