உழைப்போடு ஒரு கிணறும் இருந்தது

திருப்பூரில் ஒருவர் பெரிய ஆளாகிவிட்டால் ஊர் ஒரே வரியில் கதையை முடித்துவிடும்: "பாடுபட்டாருங்க, முன்னுக்கு வந்தாரு." அவருக்குப் பக்கத்திலேயே பனியன் கம்பெனி வைத்து, அதே மாதிரி ராத்திரி பகலாக நின்று, கடைசியில் மிஷின்களை விற்றுவிட்டுப் போனவருக்கும் ஒரு வரி உண்டு: "அவருக்கு நேரஞ் செரியில்லீங்க." ஜெயித்தால் உழைப்பு, தோற்றால் நேரம். இந்த இரண்டு வரிக்கும் நடுவே நிறையக் கணக்கு விட்டுப்போகிறது. இயற்கை விவசாயத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு அந்தக் கணக்கு அவசியம் தெரிய வேண்டும்.

ஷரத் சாரி என்ற ஆய்வாளர் திருப்பூர் பனியன் தொழிலை நேரில் ஆராய்ந்து 2004இல் ஒரு நூல் வெளியிட்டார். உழவர்களாக இருந்து முதலாளியான கவுண்டர்கள், தங்கள் மூலதனம் உழைப்புதான் என்று சொன்னதை அதில் பதிவு செய்திருக்கிறார். அது பொய்யில்லை. தோட்டத்தில் பாடுபட்ட கை கட்டிங் டேபிளிலும் சளைக்கவில்லை. ஆனால் நிலம், சொந்தபந்தம், நம்பிக் கடன் கொடுக்க ஆள் என்று பலதும் அந்த உழைப்போடு சேர்ந்திருந்தன.

வங்கி மேசையில் இதை வருஷக்கணக்காகப் பார்த்தவன் நான். கடன் விண்ணப்பத்தில் உழைப்பை எழுத ஒரு கட்டம் கிடையாது. என்ன சொத்து, யார் ஜாமீன் என்றுதான் அது கேட்கும். கிணத்தோடு நாலு ஏக்கருக்குப் பத்திரம் வைத்திருந்தவர் மிஷின் வாங்கினார். அவரைவிடக் கெட்டிக்காரரான டெய்லர், பத்திரம் இல்லாததால் டெய்லராகவே இருந்துவிட்டார். இதை அதிர்ஷ்டம் என்று சொல்லி விட்டுவிட முடியுமா? அது அப்பன் வெட்டி வைத்த கிணறு.

சரியான நேரம் என்பதும் அப்படித்தான். 2005 ஜனவரி 1 அன்று உலக ஜவுளி வணிகத்தில் கோட்டா முறை முடிவுக்கு வந்தது. தயாராக இருந்தவர்களுக்கு வாசல் திறந்தது. ஆனால் அந்தத் தேதியைத் திருப்பூர்க்காரர் யாரும் குறிக்கவில்லை.

இனி நொய்யலின் கீழ்ப்பக்கம் வாருங்கள். பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியது. சுற்றுவட்டாரக் கிணறுகள் உப்பாகின. அங்கே இருந்த உழவர்கள் மேலே இருந்தவர்களைவிடக் குறைவாகப் பாடுபட்டவர்களா? இல்லை. 'தலைவிதி' என்று அவர்கள் ஒதுங்கவும் இல்லை. இது விதி இல்லை, சாயத்தண்ணீர் என்று சரியான பேர் சொல்லி வழக்குப் போட்டார்கள். கழிவு ஒரு சொட்டும் வெளியேறக் கூடாது என்ற நிபந்தனையை நிறைவேற்றாத சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அன்றைக்கு வேலை இழந்த பட்டறைத் தொழிலாளியும் உழைப்பில் குறை வைத்தவர் இல்லை. ஒருவரின் யோகம் என்று நாம் சொல்வது சில சமயம் இன்னொருவரின் கிணற்றிலிருந்து எடுத்ததாக இருக்கிறது.

நம் துறைக்கு வருவோம். "வேலையை விட்டார், ஏக்கருக்கு இத்தனை லட்சம் எடுக்கிறார்" என்று எத்தனை கதைகள் படிக்கிறோம்! அவர் போர் எத்தனை அடி, வீட்டில் இன்னொரு சம்பளம் வருகிறதா, முதல் மூன்று வருஷம் எதில் சாப்பிட்டார் என்பதெல்லாம் அதில் இருக்காது. பி.ஏ.பி. ஆயக்கட்டில் நான்கு மண்டலங்கள். முறை வைத்துத்தான் தண்ணீர். இந்த முறை யாருக்கு என்பது யாருடைய மண்வெட்டியிலும் இல்லை. என் தோட்டம் நிற்பதற்கும் மாதாமாதம் வரும் பென்ஷன் ஒரு தூண். அதைச் சொல்லாமல் என் விளைச்சலை மட்டும் காட்டினால், அதை நம்பி ஒரு இளைஞர் பி.எஃப். பணத்தை மண்ணில் கொட்டுவார்.

அப்படியானால் உழைப்பு வீணா? கிடையாது. நம் கைக்கு எட்டாததன் பங்கைக் குறைப்பதுதான் உழைப்பின் முதல் வேலை. காங்கேயம், மூலனூர்ப் பக்கத்துக் கொறங்காட்டைப் பாருங்கள். கிளுவை வேலி, வெள்வேல மரம், கொழுக்கட்டைப் புல், உள்ளே மாடும் ஆடும். மழை பெய்தால் புல் தழைக்கும்; குறைந்தால் வேலங்காய் கால்நடைக்குக் கை கொடுக்கும். மழை வரும் என்று நம்பி அமைத்த காடு இல்லை அது. வராமலும் போகும் என்று தெரிந்தவர்கள் அமைத்தது. பல பயிர், மூடாக்கு, பண்ணைக்குட்டை, சொந்த விதை, கூட்டாக விற்பது எல்லாம் அதே வழிதான்.

வேலையை விட்டு வர நினைப்பவர்கள், இரண்டு பருவம் தொடர்ந்து பொய்த்தாலும் வீடு தாங்குமா என்று எழுதிப் பார்த்துவிட்டு வாருங்கள். ஜெயித்தவர்கள், மேடையில் பேசும்போது தண்ணீர் எங்கிருந்து வருகிறது, வெளி வருமானம் எவ்வளவு, எத்தனை வருஷம் நஷ்டம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நம் கூட்டங்களில் தோற்றவர் ஒருவர் எழுந்து நின்றால், "ஜீவாமிர்தம் ஒழுங்கா விட்டீங்களா?" என்று ஆரம்பிக்காதீர்கள். "கிணத்துல தண்ணி எப்படிங்க?" என்று முதலில் கேளுங்கள்.