கடைசிச் சம்பளம்

பதிப்பகம் ஒன்றில் மெய்ப்புப் பார்த்துவந்த வேலையிலிருந்து விலகியபோது, எனக்கு ஒரு மாதச் சம்பளம் பாக்கி இருந்தது. கேட்கப் போன மூன்று முறையும் உரிமையாளர் தேநீர் தருவித்தார். புதிதாக வந்த நாவல்களைப் பற்றி நெடுநேரம் பேசினார். பணத்தைப் பற்றிப் பேச்செடுத்ததும் அவர் முகம் வாடிவிடும். "உங்களிடமிருந்து இதை நான் எதிர்பார்க்கவில்லை" என்பார். நான்காம் முறை நான் போகவில்லை.

இழந்த தொகையைவிட அந்தக் கூச்சமே இன்றும் உறுத்துகிறது. எழுத்து சார்ந்த வேலையைத் தொண்டு என்று சொல்லிப் பழகிவிட்டோம். ஆகவே கூலி கேட்பவன் இலக்கியத்தை அவமதித்தவனாகிவிடுகிறான். அச்சகத்தாரிடமும் காகிதக் கடைக்காரரிடமும் யாரும் தொண்டு பற்றிப் பேசுவதில்லை. அவர்களுடைய பாக்கி எப்படியோ தீர்ந்துவிடுகிறது.

சட்டத்துக்கு இந்தக் கூச்சம் இல்லை. வேலையிலிருந்து நீக்கப்பட்டவருக்கு இரண்டாம் வேலை நாள் முடிவதற்குள் சம்பளம் தந்துவிட வேண்டும் என்றது 1936ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டம். தானே விலகியவரை அந்தக் கெடு குறிப்பிடவில்லை. 2019இல் இயற்றப்பட்டு 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு, அவருக்கும் அதே இரண்டு நாள் கெடுவை அளிக்கிறது. தராவிட்டால் மூன்றாண்டுகளுக்குள் முறையிடலாம். பாக்கியுடன் அதன் பத்து மடங்கு வரை இழப்பீடு விதிக்கவும் அதிகாரிக்கு இடமுண்டு.

முறையிடுமுன் எழுத்தில் கேட்டுவிடுவது நல்லது. வேலை செய்த நாட்களையும் வரவேண்டிய தொகையையும் குறித்து, தேதியிட்டு, ஒரு கடிதம் அனுப்புங்கள், நகலை வைத்துக்கொள்ளுங்கள். நான் எழுதாமல் விட்ட கடிதம் அது.