உச்சிக் கனமும் உல்லாசப் படகும்

அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில் அனகோர்ட்டஸ் என்றொரு துறைமுக ஊர். 2014 மே 18 அன்று அங்கே 90 அடி நீளமுள்ள புத்தம்புதிய உல்லாசப் படகு ஒன்றைத் தண்ணீரில் இறக்கினார்கள். விலை ஒரு கோடி டாலர் என்றார்கள். இறங்கியதுதான் தாமதம், இடப்பக்கம் சாய்ந்தது. சாய்ந்தது நிமிரவே இல்லை. உள்ளே சிக்கியவர்களை வெளியே இழுத்துக் காப்பாற்ற வேண்டியதாயிற்று. புயல் இல்லை, பேரலை இல்லை. படகின் எடைமையம் அளவுக்கு மிஞ்சிய உயரத்தில் இருந்ததென்று விசாரித்தவர்கள் சொன்னார்கள்.

இதிலே மாயம் ஒன்றுமில்லை. படகு சாயும்போது தாழ்ந்த பக்கம் நீரில் கூடுதலாக அமிழ்கிறது. நீர் அந்தப் பக்கத்தை மேலே தள்ளி நிமிர்த்தப் பார்க்கிறது. எடைமையம் கீழே இருந்தால் நீர் வெல்லும். மேலே ஏற ஏற, படகின் எடையே அதைக் கவிழ்க்கத் துணை போகும். ஆனால் சீமான்களுக்கு வேண்டியது என்ன? தட்டுக்கு மேல் தட்டு, அதன்மேல் மதுக்கூடம், குளியல் தொட்டி! ஒரு கனமீட்டர் தண்ணீர் ஒரு டன் எடை. சாயும்போது அந்தத் தொட்டி நீரும் தாழ்ந்த பக்கமே ஓடும்.

இன்னொரு சூதும் உண்டு. உச்சிக் கனமான படகு மெதுவாக, தொட்டில் போல ஆடும். அடிபாரம் மிகுந்த படகோ வெடுக்கென்று நிமிர்ந்து வயிற்றைக் குமட்டும். வாங்க வருகிற பணக்காரர் முன்னதைத்தான் ‘சுகமான படகு’ என்பார். சாய்ந்து, நிமிராமல் சற்றே தயங்கி நிற்கும் அந்தக் கணத்தைக் கண்டு பயப்படுகிறவன் மாலுமி. ஆட்டத்தை அடக்கப் பக்கச் சிறகுகளும் சுழல் சக்கரமும் வைத்து விற்கிறார்கள். அவை ஆட்டத்தைத்தான் குறைக்கும். எடைமையத்தை ஓர் அங்குலம்கூடக் கீழே இறக்கா. இயந்திரம் நின்றால் அந்த உதவியும் போச்சு.

பணக்காரன் பொம்மை கவிழ்ந்தால் நமக்கென்ன என்று சில தோழர்கள் கேட்கலாம். கீழே இயந்திர அறையில் நிற்பவன் பணக்காரன் அல்லவே! மேலும், சாதாரண ஜனங்கள் ஏறும் படகையும் இதே விதி விடாது. 2009 செப்டம்பர் 30, தேக்கடி. ‘ஜலகன்யகா’ இரண்டு தட்டுப் படகு. கரையில் நின்ற விலங்குகளைப் பார்க்க மக்கள் ஒரு பக்கமாகத் திரண்டார்கள், கவிழ்ந்தது. 45 பேர் மாண்டனர். தமிழ்நாட்டிலிருந்து போனவர்களும் அவர்களில் உண்டு. படகு அரசு நிறுவனத்துடையது. அப்போது அங்கே நடந்தது இடதுசாரி ஆட்சி. அதற்காக வாயை மூடிக்கொள்வது நியாயமில்லை. எழுந்து நின்ற பயணிகள்மீது பழி போடுவது சுலபம். விலங்கைக் காட்டுவதாகச் சொல்லித்தானே டிக்கெட் விற்றார்கள்? கண்டால் ஜனம் எழுந்து ஓடத்தான் செய்யும். இருதட்டுப் படகைக் கட்டுகிறவன் அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

தெரிந்த எடையைப் படகின் ஓரத்துக்கு நகர்த்திச் சாய்வை அளக்கும் சோதனை ஒன்று உண்டு. தொங்குகுண்டும் அளவுகோலும் கொண்டு செய்வது, பெரிய செலவில்லை. புதிதாக ஒரு தட்டு ஏற்றினால் மறுபடியும் செய்தாக வேண்டும். அதன் முடிவையும், மேல்தட்டில் எத்தனை பேர் ஏறலாம் என்பதையும், ஏறும் இடத்திலேயே மாலுமி படிக்கும் மொழியில் எழுதி ஒட்டட்டும். அந்த எண்ணிக்கை மீறினால் கயிற்றை அவிழ்க்க மறுக்கும் உரிமை படகோட்டிக்கு வேண்டும். மறுத்ததற்காக அவன் வேலை போகக் கூடாது.