பொம்மைக்குப் பட்டு: வெட்டுத் துண்டா, தனி நெசவா?

நவராத்திரி நெருங்கியதும் காஞ்சிபுரத்து வீடுகளில் பெட்டியிலிருந்து மரப்பாச்சி வெளியே வரும். செஞ்சந்தன மரத்தில் செதுக்கிய அந்த ஆணும் பெண்ணும் கொலுப்படி ஏறுமுன், வீட்டுப் பெண்மக்கள் சேலையில் மிஞ்சிய பட்டுத் துண்டைச் சுற்றி, ஊசி நூலால் கொசுவத்தைப் பிடித்து, சிறு மணிமாலை ஒன்றும் அணிவிப்பார்கள். நம் பொம்மைக்காரத் தெருவில் செய்யும் மண் பொம்மைகளுக்கும் காகிதக் கூழ்ப் பொம்மைகளுக்கும் ஆடையை வர்ணத்தால் தீட்டிவிடலாம். மரப்பாச்சிக்கு மாத்திரம் மெய்யான துணி வேண்டும். இவ்வேலையை நாம் இதுவரை ஒரு தொழிலாக எண்ணியதில்லை. எண்ணிப் பார்க்க வேண்டிய காலம் வந்துவிட்டது என்று கருதுகிறேன்.

வெளிநாடுகளில் வயது வந்தோர் ஆசையுடன் சேகரித்து வைக்கும் ஒருவகைப் பொம்மை உண்டு. 1999-இல் ஜப்பானிய வோல்க்ஸ் நிறுவனம் 'சூப்பர் டால்ஃபி' என்ற பெயரில் வெளியிட்டதிலிருந்து அது பல நாடுகளுக்கும் பரவியது. உடல் பிசினால் வார்க்கப்பட்டது. தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால் எல்லாம் பந்துக் கிண்ண மூட்டுகள்; உள்ளே ஓடும் எலாஸ்டிக் கயிறு அவற்றை இழுத்துப் பிடித்திருக்கும். ஆதலால் பொம்மை உட்காரும், கையை உயர்த்தும், வாளும் ஏந்தும். பெரிய வகை ஏறக்குறைய 60 செ.மீ. உயரம், அதாவது மனித உருவில் மூன்றில் ஒரு பங்கு.

இவற்றை வாங்குவோரில் பலர் விரும்புவது மத்திய கால ஐரோப்பியக் கற்பனை உடை. டோல்கியன் 1954-55-இல் வெளியிட்ட 'தி லார்டு ஆப் தி ரிங்ஸ்' போன்ற கதைகளில் வரும் வனதேவதையர், இளவரசியர், வீரர் ஆகியோரின் கோலம் அது: தரையைத் தொடும் அங்கி, தொங்கு கைகள், தோளில் மேலாடை, ஓரமெங்கும் பொன்கரை. அக்காலத்து ஐரோப்பிய அரசர்களின் பொன்னாடையில் பட்டு நூலின் மீது உலோக இழை சுற்றப்பட்டிருந்தது. நமது ஜரிகையும் அந்த இனமே அல்லவா? இன்று அவ்விடத்தில் பாலியெஸ்டரும் பிளாஸ்டிக் மினுமினுப்பும் குடிகொண்டிருக்கின்றன.

இவ்வளவும் கேட்டவுடன், "நம்மிடம் வெட்டுத் துண்டுகள் மூட்டை மூட்டையாகக் கிடக்கின்றனவே, தைத்து அனுப்பிவிடலாமே" என்று அங்கத்தினர் சிலர் சொல்லக்கூடும். நானும் அப்படித்தான் நினைத்தேன். சில ஆண்டுகளுக்கு முன் வெளியூர் வியாபாரி ஒருவர் வந்து, எங்கள் தெருப் பெண்கள் சிலரிடம் ரவிக்கைத் துண்டுகளையும் பழுதுபட்ட சேலைத் துண்டுகளையும் கொண்டு பொம்மை அங்கிகள் தைக்கச் சொன்னார். என் வீட்டிலும் தைத்தார்கள். பாதிக்கு மேல் திரும்பி வந்தன. கூலியும் இன்றுவரை பாக்கிதான். வியாபாரியின் பேரில் எனக்குக் கோபம் உண்டு. ஆயினும் திரும்பி வந்த அங்கிகளைப் பிரித்துப் பார்த்தபோது, குற்றம் முழுவதும் அவருடையதன்று என்று தெரிந்தது.

முதற் குற்றம் விறைப்பு. ஆடை தன் கனத்தால் தொங்குவதாலேயே மடிப்பு அழகாக விழுகிறது. நீளம் மூன்றில் ஒரு பங்காகும்போது தொங்கும் கனமும் குறைந்துவிடுகிறது. நூலின் விறைப்போ குறைவதில்லை. இரண்டு மூன்று இழை சேர்த்து முறுக்கி நெய்த நம் சேலைப்பட்டு, மணப்பெண்ணின் இடுப்பில் கம்பீரமாக நிற்கும். பொம்மையின் இடுப்பில் அட்டைக் கூடையைப் போல் விரிந்து நின்றது.

அடுத்தது அளவு. நாலங்குலக் கரை பொம்மைக்குக் கெண்டைக்கால்வரை ஏறிவிடும். அதற்கு வேண்டியது ஒன்றே கால் அங்குலத்துக்குச் சற்று அதிகம். கரையைக் குறைத்தால் போதுமென்று எண்ணலாகாது. சேலைக் கரையில் 90 இழைகளில் நிற்கும் அன்னம், அதே நெருக்கத்தில் மூன்றில் ஒன்றாகச் சுருங்கினால் 30 இழைகளே மிஞ்சும். அதில் கண் எங்கே, அலகு எங்கே? ஆகவே உருவைச் சுருக்காமல், கட்டக் காகிதத்தில் புதிதாக வரைய வேண்டும். எதை விடுவது, எதை வைப்பது என்று அறிந்த கைகள் நம்மிடையே இருக்கின்றன. மேல்நாட்டார் கற்பனை மிருகங்களைத் தேடி அலைகிறார்கள். நம் கரைகளில் யாளியும் இருதலைப் பட்சியும் தலைமுறை தலைமுறையாக உலாவுகின்றன! மத்திய காலம் ஐரோப்பாவுக்கு மாத்திரம் உரியதுமன்று. வரதராஜப் பெருமாள் கோயில் நூற்றுக்கால் மண்டபத்தின் தூண்களில் பாயும் குதிரைமேல் அமர்ந்திருக்கும் விஜயநகர காலத்து வீரர்களை ஒரு முறை நின்று பாருங்கள். தையற்காரருக்கு அதைவிட நல்ல மாதிரிப் புத்தகம் வேண்டாம்.

எல்லாவற்றிலும் பெரிய குற்றம் சாயம். பிசின் உடல் வெளிர்நிறமானது. அரக்கு, கறுப்பு, கருநீலத் துணிகள் நாள்பட அதன்மேல் இருந்தால் சாயம் இறங்கிக் கறை படிந்துவிடும். அக்கறை எளிதில் போகாது. விலையுயர்ந்த பொம்மையைக் கெடுத்த ஊரின் பட்டை எவர் மறுபடி வாங்குவார்? ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்த்து, துளி நிறமும் ஒட்டாத துணியையே தைக்கக் கொடுக்க வேண்டும். உட்புறம் வெள்ளைத் துணி கொடுத்துத் தைப்பதும் அவசியம். ஜரிகை முனை முகத்து வர்ணத்தைக் கீறாதபடி மடித்து உள்ளே அடக்க வேண்டும். கை விரல்கள் நுழையும்படி முதுகுப்புறம் முழுவதும் திறக்கவும் வேண்டும். இவை மரப்பாச்சிக்கு வேண்டாத கவலைகள்.

எனவே வெட்டுத் துண்டு வேண்டாம், தனி நெசவே வேண்டும் என்கிறேன். 20–22 டெனியர் கச்சாப் பட்டை இரட்டிக்காமல் ஒற்றை இழையாகவே பாவு ஓட்டி, 15 அங்குல அகலத்தில், சிறு கரையுடன் நெய்ய வேண்டும். ஒற்றை இழை மேடுபள்ளத்தை மன்னிக்காது. ஆதலால் சீரான நீண்ட இழை தரும் வெண்பட்டுக்கூடு தேவைப்படும். மல்பெரி பயிரிடும் அங்கத்தினர்களுக்கும் இதில் பங்கு உண்டு. அவர்கள் நல்ல கூட்டைத் தரம் பிரித்துக் கொடுத்தால், அதற்குரிய விலையைச் சங்கம் தனியே கணக்கிட்டுத் தர வேண்டும்.

"சேலை நெய்த கை பொம்மைத் துணி நெய்வதா?" என்று பெரியவர்கள் சிலர் முகம் சுளிப்பார்கள். சிறுமியருக்குப் பட்டுப்பாவாடை நெய்தபோது நாம் சேலையை வெட்டியா கொடுத்தோம்? கரையையும் நீளத்தையும் குழந்தைக்கேற்ப அமைத்தோம். அதில் கௌரவம் குறையவில்லை. புது டில்லியில் கேலிச்சித்திரக்காரர் சங்கர் 1965-இல் அமைத்த பன்னாட்டுப் பொம்மைக் காட்சிசாலையின் பட்டறையில், இந்தியப் பகுதிகள் பலவற்றின் உடைகளைச் சிறிய அளவில் பிழையின்றித் தைத்து, வெளிநாட்டுப் பொம்மைகளுக்கு மாற்றாக அனுப்பினார்கள். அதை விளையாட்டு வேலை என்று யாரும் தள்ளவில்லை.

இதனால் நெசவாளர் அனைவருக்கும் வாழ்வு வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. வாங்குவோர் சிறு கூட்டத்தினர். ஆனால் நுணுக்கம் அறிந்து விலை கொடுப்பவர்கள். ஒரகடம் தொழிற்சாலைக்குப் பேருந்து ஏறும் பிள்ளைகளையும் இது திருப்பிக் கொண்டுவராது. ஆயினும் தையல் தெரிந்து வீட்டில் இருக்கும் பெண்களுக்கும், அகலச் சேலையை இழுத்து நெய்ய உடல் இடங்கொடாத முதிய நெசவாளர்களுக்கும் இது ஏற்ற வேலை.

நிர்வாகக் குழு ஒரு தறியை ஆறு மாதம் ஒதுக்கட்டும். நூலும் சாயமும் சங்கத்தின் பொறுப்பாக இருக்கட்டும். விற்றாலும் விற்காவிட்டாலும், நெய்தவருக்கும் தைத்தவருக்கும் கூலி வேலை முடிந்த வாரமே கிடைக்க வேண்டும். திரும்பி வரும் சரக்கின் நஷ்டத்தைச் சங்கம் ஏற்க வேண்டும். அடுத்த பொதுக்குழுவில் இதை ஒரு தீர்மானமாகக் கொண்டுவர எண்ணியிருக்கிறேன். திரும்பி வந்த அங்கிகளில் இரண்டையும், கறை படிந்த வெள்ளைத் துணி ஒன்றையும் அன்று கொண்டு வருகிறேன்.