170-ஆம் விதியை ஏன் எடுத்தார்கள்?

எளாவூர் சோதனைச்சாவடியில் ஆந்திராவிலிருந்து வரும் பஸ்களை நிறுத்தி, கஞ்சா இருக்கிறதா என்று பை பையாகப் பார்க்கிறார்கள். அங்கே போகும் லாரிகளில் ரேஷன் அரிசி இருக்கிறதா என்று தார்ப்பாயைத் தூக்கிப் பார்க்கிறார்கள். பார்க்கத்தான் வேண்டும். ஆனால் அதே பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவரின் செல்போனில், மூன்றே மாதத்தில் சர்க்கரை வேரோடு போய்விடும் என்று ஓடுகிற விளம்பரத்தை முன்கூட்டிப் பார்க்க ஆளில்லை. அதற்கென்று இருந்த ஒரே ஏற்பாட்டையும் டில்லியில் இருப்பவர்கள் கழற்றிப் போட்டுவிட்டார்கள்.

மருந்து விதிகளில் இருந்த அந்த 170-ஆம் விதி அப்படி என்ன கேட்டுவிட்டது? சித்த, ஆயுர்வேத, யுனானி மருந்துக்கு விளம்பரம் செய்யும் கம்பெனி அதை முதலில் மாநில உரிம அதிகாரியிடம் காட்டி ஓர் எண் வாங்க வேண்டும். இல்லாத குணத்தைச் சொன்னால், பிரபலங்களின் படத்தைப் போட்டால் எண் கிடைக்காது. 2018 டிசம்பரில் இதைக் கொண்டுவந்தவர்களே, 2023 ஆகஸ்ட் 29-இல், இதன்கீழ் நடவடிக்கை வேண்டாம் என்று மாநிலங்களுக்குக் கடிதம் எழுதினார்கள். விதி உயிரோடு இருக்கும்போதே அதைச் செயல்படுத்தாதே என்று ஒரு கடிதம்! தவறான மருந்து விளம்பரங்கள் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்டித்த பிறகும், 2024 ஜூலை 1-இல் விதியையே நீக்கினார்கள். அடுத்த மாதமே நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. 2025 ஆகஸ்டில் அந்த வழக்கு முடிந்தது. தடையும் விலகியது, விதியும் போயிற்று.

மருந்து விளம்பரங்களுக்கான 1954-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறதே என்று சமாதானம் சொல்கிறார்கள். இருக்கிறது. 54 நோய்களுக்கு விளம்பரம் கூடாது என்கிறது, சர்க்கரை நோயும் அதில் உண்டு. முதல் குற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை. ஆனால் அது வேலை செய்வது விளம்பரம் வெளிவந்த பிறகு.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரவு ஷிப்டு பார்க்கும் ஒப்பந்தத் தொழிலாளியை நினைத்துப் பாருங்கள். மாத்திரைக்கு ஆஸ்பத்திரி வரிசையில் நின்றால் தூக்கம் போகிறது, சில நாள் கூலியும் போகிறது. விளம்பர எண்ணுக்கு ஒரு போன் போட்டால் பவுடர் வீட்டுக்கே வருகிறது. மாத்திரையை நிறுத்துகிறார். காலில் ஒரு கொப்புளம், பிறகு ஆறாத புண். அப்புறம் யாரோ புகார் கொடுத்து, வழக்கு நடந்து, தண்டனையே கிடைத்தாலும், வெட்டியெடுத்த விரல் திரும்பி வருமா?

சித்த மருத்துவத்தின் மேல் நமக்குக் கோபமில்லை. டெங்கு நாட்களில் நிலவேம்புக் குடிநீரை வரிசையில் நின்று வாங்கிக் குடித்தவர்கள் நாம். அதில் ஒன்பது சரக்கு, என்னென்ன என்று எல்லோருக்கும் தெரியும். தாம்பரம் சானடோரியத்தில் நாடி பார்த்து மருந்து எழுதும் படித்த வைத்தியருக்குத்தான் இந்த விளம்பரங்களால் முதல் அவமானம். காசு வாங்கி அவற்றை அச்சிட்ட பத்திரிகைகளுக்கும் இந்தப் பாவத்தில் பங்குண்டு.

டில்லியில் இருப்பவர்களிடம் இந்த அலட்சியம் புதிதுமல்ல. 2004-இல், அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளில் 14-இல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருப்பதாக ஓர் ஆய்வு சொன்னது. வெளிநாட்டில் மானம் போனதும், 2006 ஜனவரி முதல் மூலிகை மருந்துகளுக்கு உலோகச் சோதனையைக் கட்டாயமாக்கினார்கள். யாருக்கு? ஏற்றுமதிக்கு! உள்ளூரில் வாங்கிச் சாப்பிடுகிறவன் உடம்பு உடம்பில்லையா? 2020-இல் அந்த 1954 சட்டத்தைத் திருத்தி, இரண்டு ஆண்டு சிறை, 10 லட்சம் ரூபாய் அபராதம் என்று வரைவு வெளியிட்டார்கள். அது வரைவாகவே கிடக்கிறது. கடுமையாக்குவதற்குக் கை வரவில்லை. இருந்ததைப் பிடுங்குவதற்கு மட்டும் நீதிமன்றம் முறைத்தபோதும் கை நடுங்கவில்லை.

விதியைத் திருப்பிக் கொடுங்கள். அந்த வடிவம் பிடிக்கவில்லை என்றால் வேறு எப்படியாவது செய்யுங்கள். விளம்பரம் வெளிவரும் முன் பொறுப்புள்ள ஒருவர் கண்ணில் பட்டாக வேண்டும். சென்னையில் இருக்கும் அதிகாரிகளும் டில்லியைக் கைகாட்டிவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டாம். மருந்து செய்ய உரிமம் கொடுப்பது அவர்கள் கைதான்.